கல்லீரல் துண்டு சொன்னதும் சொல்லாததும்

உடல்நலம் கெடுவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்தவை யாவும் அந்த நிலையின் மீதுதான் கை வைத்தன.

நான் வேதியியலில் பட்டம் பெற்றவன். ஆம்பூரில், காலணிகளுக்கான தோலைப் பதனிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்து, தொழில்நுட்ப மேலாளராக ஓய்வு பெற்றேன். நான் கையொப்பமிட்டு அனுப்பிய சரக்கு எதுவும் தரக்குறைவு என்று திரும்பி வந்ததில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் எத்தனையோ விருந்துகளில் அமர்ந்திருக்கிறேன். என் முன்னால் வைத்த குவளையில் எலுமிச்சைச் சாறு தவிர வேறொன்று இருந்ததில்லை. மது என் நாவில் பட்டதே கிடையாது. ஓய்வுக்குப் பின், எங்கள் பகுதியில் பெண்கள் பள்ளிக்குப் போகும் சாலையில் உள்ள மதுக்கடையை அகற்றக் கோரும் குழுவுக்குச் செயலாளராகப் பொறுப்பேற்றேன். மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த மனுவில் முதல் கையொப்பம் என்னுடையது. இந்த மனிதர் குடிக்காதவர் என்று ஊர் நம்பியது. அந்தக் கையொப்பத்துக்கு இருந்த மதிப்பு முழுவதும் அந்த நம்பிக்கைதான்.

அந்தக் கோடையில் என் கால்கள் வீங்கத் தொடங்கின. செருப்பின் வார் பதிந்த தடம் மாலைவரை மறையாமல் இருப்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி கோமதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும், அடுத்த தெருவில் அவளுடைய தம்பி முனிரத்தினமும்தான் ஒருவருக்கொருவர் துணை. முனிரத்தினம் பச்சைத் தோல் வியாபாரி. ஆட்டுத்தோல் வாங்கி, உப்பு தடவி அடுக்கி, தொழிற்சாலைகளுக்கு விற்பவர். படிப்பு அதிகமில்லை. என்னை மாமா என்று அழைப்பார். என் எதிரில் நாற்காலியில் சாய்ந்து உட்காரமாட்டார்.

உள்ளூர் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாகி, தழும்பு விழுந்து இறுகத் தொடங்கியிருந்தது. அதற்குச் சிரோசிஸ் என்று பெயர். நலமான கல்லீரல் மென்மையாக இருக்கும். நெடுநாள் சேதப்பட்டால் அது நார்நாராகத் தழும்பேறி, தன் வேலையை ஒவ்வொன்றாகக் கைவிடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார்.

"எத்தினி வருஷமா சாப்பிடறீங்க சார்?"

எதைச் சாப்பிடுவதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஸ்கேன் மையத்தில் வேலை செய்பவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். நான் வீடு திரும்பும் முன்பே செய்தி தேநீர்க் கடைக்குப் போய்விட்டது. முனிரத்தினம் மாலையில் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்த நிலையில் வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று கோமதி கேட்டாள்.

"இன்னா நடக்கணும்? 'செகரெட்டரிக்கே லிவரு அவுட்டாம்பா, பகல்ல மனு, ராத்திரில கட்டிங்கு'ன்னு ஒருத்தன் சிரிக்கறான். எழுந்து ஒண்ணு வெச்சேன்."

"அடிச்சியா?"

"அவன்தான் ஜாஸ்தி அடிச்சான்க்கா."

அவருடைய அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைகலப்பால், தேநீர்க் கடையோடு நின்றிருக்க வேண்டிய பேச்சு பேருந்து நிலையம்வரை போனது.

வேலூரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. காத்திருக்கும் கூடத்தில் வங்காளம் முதல் ஆந்திரம் வரை பல மாநிலத்து மக்கள், பெரிய உறைகளில் பழைய படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். மேலாளராக இருந்த காலத்தில் என்னைக் காத்திருக்க வைத்தவர்கள் குறைவு. அங்கே பெயரை யாரோ தவறாக உச்சரித்துக் கூப்பிடும்வரை காத்திருப்பதுதான் என் வேலை. கோமதி துவையல் தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் இருந்த வங்காளத்துப் பெண்மணிக்கும் இரண்டு கொடுத்தாள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே இருவரும் மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இளம் மருத்துவர் ஒருவர் என் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். மதுப் பழக்கம் என்ற இடத்தில், நோயாளி மறுக்கிறார் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது.

"மறுக்கிறார் என்று ஏன் எழுதுகிறீர்கள்? குடிப்பதில்லை என்று எழுதுங்கள்."

"சார், அது எங்க வழக்கமான வார்த்தை. எல்லாருக்குமே அப்படித்தான் எழுதுவோம்."

"குடிக்கிறவன் மறுப்பதையும் அப்படித்தான் எழுதுவீர்களா?"

"ஆமா சார்."

"குடிக்காதவனுக்கு வேறு சொல் கிடையாதா?"

அவர் இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

இரத்தப் பரிசோதனைகள் நடந்தன. கல்லீரலை இப்படித் தழும்பாக்கும் காரணங்களில் மது ஒன்று. உடற்கொழுப்பும் சர்க்கரை நோயும் இன்னொன்று. அவை எனக்கு இல்லை. மற்றொன்று ஹெபடைட்டிஸ் பி, சி என்னும் வைரஸ்கள். அவை உடம்பில் பல ஆண்டுகள் ஓசையின்றித் தங்கிக் கல்லீரலை அரிக்கக்கூடியவை. அவற்றில் ஒன்று என் இரத்தத்தில் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். ஒரு மனிதன் தன் உடம்பில் தொற்றுநோய் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் நிலையை என்னால் அதற்கு முன் கற்பனை செய்திருக்க முடியாது. முடிவு வந்தது. பி இல்லை. சி இல்லை.

தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி. நடுத்தர வயது. சொற்களை அளந்து பேசுபவர். அவருடைய பேச்சில் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

"பி வைரஸ் இருக்கான்னு சாதாரணமா எப்படிப் பாக்கறோம்னா, அதோட மேல்தோல் புரதம் ரத்தத்துல மிதக்குதான்னு பாக்கறோம். உங்களுக்கு அது இல்ல. ஆனா உங்க ரத்தத்துல ஒரு எதிர்ப்புப் பொருள் இருக்கு. எப்பவோ ஒரு காலத்துல அந்த வைரஸ் உங்க உடம்புக்குள்ள வந்து போயிருக்குன்னு அர்த்தம்."

"வந்து போனதா, வந்து தங்கியதா?"

"அதுதான் கேள்வி. சில பேருக்கு ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. கல்லீரல் செல்லுக்குள்ள மட்டும் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும். அப்படி இருந்தா, கல்லீரல்லருந்து ஒரு துண்டு எடுத்து அதுலதான் தேடணும்."

"கிடைத்தால்?"

"தினம் ஒரு மாத்திரை, ஆயுசு பூரா. சேதம் மேல போகாம நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. ஆதாரம் இல்லாம அந்த மாத்திரைய நான் ஆரம்பிக்க விரும்பல."

ஊசியால் திசுத் துண்டு எடுப்பதைப் பயாப்சி என்பார்கள். எங்கள் தொழிலிலும் இத்தகைய சோதனை உண்டு. பதனிட்ட தோலில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்போம். சுருங்கினால் பதம் போதவில்லை. அந்தத் துண்டை முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் வெட்டினால் முழுத் தோலைப் பற்றித் தவறான செய்தி கிடைக்கும். ஆகவே நான் கேட்டேன்:

"எந்த இடத்தில் எடுப்பீர்கள்? ஓரிடத்துத் துண்டு முழுக் கல்லீரலுக்கும் சாட்சியாகுமா?"

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "நல்ல கேள்வி சார். எப்பவும் ஆகாது. வைரஸ் ஒரு எடத்துல இருந்து இன்னோரு எடத்துல இல்லாமலும் இருக்கும். கிடைச்சா இருக்குன்னு சொல்லலாம். கிடைக்கலன்னா இல்லன்னு சொல்ல முடியாது."

என்னை வார்டில் சேர்த்தார்கள். அடுத்த கட்டிலில் பேரணாம்பட்டைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் தாஸ் இருந்தார். மஞ்சள் பூத்த கண்கள், ஊதிய வயிறு, ஓயாத பேச்சு. நான் உடை மாற்றிப் படுத்ததும் தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், உங்களுக்கு எந்த பிராண்டு?"

"எனக்குப் பழக்கமில்லை."

"நான்கூட மொத நாள் அப்டித்தான் சொன்னேன்."

"நான் உண்மையைச் சொல்கிறேன்."

"சரி சார், சரி. இன்னாத்துக்குப் பேஜாரு. இந்த வார்டுல யாரும் குடிச்சதே இல்ல. லிவரு தானா வீங்கிக்கிச்சு."

எதிர்க்கட்டிலில் இருந்தவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். தாஸ் கெட்ட மனிதர் அல்லர். தனக்கு வந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என் மேசைமீது வைப்பார். என் போர்வை நழுவினால் எழுந்து வந்து இழுத்துவிடுவார். ஆனால் அவர் என்னைத் தன் இனத்தில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். அந்த அன்பிலிருந்து தப்ப எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் மதியம் கோமதி சோற்றுக் கேரியருடன் வந்தபோது, அவர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

"அம்மா, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. சார் குடிக்கலம்மா. நான் கேரண்டி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கோமதி அந்தக் கண் சிமிட்டலைப் பார்த்துவிட்டாள்.

அவள் எனக்குத் தயிர்சோறு பிசைந்து கொடுத்தாள்.  நான் சாப்பிட்டு முடித்ததும் கேரியரைக் கழுவி எடுத்துவந்து, அடுக்குகளைத் துணியால் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதீங்க. அந்தக் காலத்துல ஃபாரின்காரங்க வந்தா ராத்திரி லேட்டா வருவீங்களே. மெட்ராஸ் ஓட்டல்ல எல்லாம் தங்குவீங்களே. எப்பனா, ஒரு மரியாதைக்கு..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை மருத்துவர்களிடமும், ஸ்கேன் எடுத்தவரிடமும், பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துபோயிருந்தது. அந்தத் தேய்ந்த சொல்லையே என் மனைவியிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.  அவள் என் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேள்வியைத் திரும்பப் பெறவும் இல்லை.

அதே வாரத்தில் எங்கள் குழுவின் துணைச் செயலாளர் சம்பத் வந்தார். பள்ளி ஆசிரியர். சத்துமாவு டப்பாவும் ஆப்பிளும் கொண்டுவந்தார். நெடுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

"கலெக்டர் ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்ட்ருக்காங்க சார்."

"நல்லது. அதற்குள் நான் வந்துவிடுவேன்."

"இல்ல சார், நீங்க ரெஸ்ட் எடுங்க. இந்த நேரத்துல அலையக் கூடாது. மனுவ நான் படிச்சிடறேன். கையெழுத்துகூட... வேற ஒருத்தர் போட்டாலும் செல்லுமாம்."

"என் கையெழுத்து வேண்டாம் என்கிறீர்களா?"

"ஐயோ சார், உங்க ஒடம்புக்காகச் சொல்றேன்."

என் உடம்புக்காக என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஆப்பிள்களை தாஸ் கட்டிலுக்கு அனுப்பிவிட்டேன்.

பயாப்சி நாள் வந்தது. வலது விலாவுக்கிடையே மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், தோளில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பிறகு ஊசியிலிருந்து வெளியே தள்ளியதை மருத்துவர் எனக்குக் காட்டினார். பென்சிலின் உள்ளிருக்கும் கரிக்குச்சியைவிட மெல்லிய, பழுப்பான இழை. நீளம் மூன்று விரற்கடைகூட இராது. என் பெயர் அந்த இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இழையை இரண்டாக்கினார்கள். ஒரு பாதி ஃபார்மலின் திரவம் உள்ள சிறு புட்டியில். அது திசுவை அழுகாமல் காக்கும். பின்னால் மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கலாம். மறு பாதி எந்தத் திரவமும் இல்லாத வேறொரு புட்டியில், பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள். அதுதான் முக்கியமானது. வைரஸின் மரபு இழையை, அதாவது டி.என்.ஏ.வைத் தேட அதைப் பச்சையாகவே கொண்டுபோக வேண்டும். ஆய்வகத்தில் அந்த மரபு இழையின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துப் பெருக்குவார்கள். மூலத்தில் கொஞ்சம் இருந்தாலும் பெருகி வெளிப்பட்டுவிடும்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்த ஆய்வகக் கவுண்டரில் ஒப்படைக்கும்படி இரண்டு புட்டிகளையும் முனிரத்தினத்திடம் கொடுத்தார்கள். உறவினர்களே கொண்டுபோய்க் கொடுப்பது அங்கு நடைமுறை. அவர் அவற்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார்.

நான் வலது பக்கமாகப் படுத்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு கனத்தது. வியர்த்தது. செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஓடினார். உள்ளே கசிவு. கால் பக்கத்தை உயர்த்தினார்கள், இரு கைகளிலும் குழாய் ஏற்றினார்கள். யாருடைய முகமும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து தாஸின் குரல் மட்டும் கேட்டது: "சார், கண்ண மூடாதீங்க சார். எதனா பேசுங்க. திட்டுங்க சார் என்னை." கசிவு தானே நின்றது. ஆனால் இரத்தம் உறையும் தன்மை எனக்குக் குறைந்திருந்தது என்றும், இனி ஒருமுறை ஊசி போடுவது ஆபத்து என்றும் மருத்துவர் தெரிவித்தார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எடுத்தாகிவிட்டதே.

மாலையில் மருத்துவர் மறுபடியும் வந்தார். பின்னால் முனிரத்தினம், பள்ளி வாசலில் நிற்க வைத்த பிள்ளை போல.

நடந்தது இது. கவுண்டரில் வரிசை நீளமாக இருந்திருக்கிறது. வெயில் சுட்டெரித்திருக்கிறது. முனிரத்தினம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பனிக்கட்டி கரைந்து தண்ணீராகியிருந்தது. உள்ளே, மருந்து எதுவும் இல்லாமல், பச்சையாக ஒரு துண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் பச்சைத் தோலோடு புழங்கியவர். உரித்த தோல் உப்பு படாமல் சித்திரை வெயிலில் கிடந்தால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். ஃபார்மலின் வாடையும் அவருக்குப் பழக்கமானது. அதுவும் தோல் பதனிடும் மருந்துதான். முதல் புட்டியைத் திறந்து, இரண்டாம் புட்டியிலிருந்ததையும் அதற்குள் கவிழ்த்து, மூடி இறுக்கி, கவுண்டரில் கொடுத்துவிட்டார்.

"பாட்டில் ஒண்ணுதான் இருக்கேன்னு கேட்டாங்க மாமா. ரெண்டும் ஒண்ணா போட்டாச்சு, இனிமே கெடாதுன்னு சொன்னேன். நல்லதுன்னுதான் நெனச்சேன்."

"யாரைக் கேட்டு ஊற்றினாய்?"

"ஐஸ் கரைஞ்சி போச்சு மாமா. உங்க துண்டு நாறிப் போய்டுமேன்னு..."

"அது தோல் இல்லை, முனிரத்தினம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு உயர்ந்ததை கோமதிகூடக் கேட்டதில்லை. முனிரத்தினம் வெளியே போனார். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கோமதி கொண்டுபோன காப்பியைத் தொடவில்லை.

ஃபார்மலின் என்ன செய்யும் என்பதை மருத்துவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும். தோல் பதப்படுவதும் அதனால்தான். மரபு இழையையும் அது அவ்வாறே பிணைக்கும், துண்டு துண்டாக முறிக்கும். என் கல்லீரலின் ஒரு பகுதி எனக்கு முன்பாகவே பதனிடப்பட்டுவிட்டது. வாழ்நாள் முழுவதும் நான் செய்த வேலையை என் மீதே செய்து முடித்திருந்தார்கள்.

"இன்னொரு துண்டு எடுங்கள்," என்றேன்.

"முடியாது சார். திரும்பவும் ரத்தம் கசிஞ்சா நிறுத்த முடியுமான்னு தெரியாது."

"நான் கையொப்பம் போட்டுத் தருகிறேன்."

"உங்க கையெழுத்து ரத்தத்த நிறுத்தாது."

 என் கையொப்பத்தால் ஆகாத காரியங்கள் உண்டு என்று அந்தக் கோடைதான் எனக்குக் காட்டியது.

மெழுகில் பதித்த துண்டிலிருந்து சீவல்கள் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார்கள். வைரஸின் புரதம் தெரிந்தால் அந்தச் செல்கள் பழுப்பாக நிறம் காட்டும். எதுவும் நிறம் காட்டவில்லை. தழும்பு இருக்கிறது, வீக்கம் இருக்கிறது, காரணம் இன்னதென்று உறுதியாகக் கூற இயலாது என்று முடிவு வந்தது. மீதமுள்ள மெழுகுக் கட்டியிலிருந்து மரபு இழையின் சிறு துணுக்குகளையாவது தேட முடியுமா என்று முயல்வதாக மருத்துவர் சொன்னார். வாக்குறுதி தரவில்லை. நீரை வெளியேற்றும் மாத்திரைகளோடும் உப்பில்லாச் சாப்பாட்டுக் கட்டளையோடும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாஸ் வாசல்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வெளில போனா கன்ட்ரோலா இருங்க சார்," என்றார். நான் தலையசைத்தேன். மறுத்துப் பேசத் தெம்பு இல்லை.

வீட்டில் காத்திருந்த நாட்கள் மருத்துவமனை நாட்களைவிடக் கொடியவை. அங்கே நான் பலரில் ஒருவன். இங்கே சன்னலைத் திறந்தால் தெரு. விசாரணையில் சம்பத் மனுவைப் படித்தார். கடைக்காரர் தரப்பில் ஒருவர் எழுந்து, "உங்க செயலாளர் ஏன் வரல, எங்க கடைல பாக்கி வெச்சிருக்காரா?" என்று கேட்டாராம். அதிகாரிகளும் சிரித்தார்களாம். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. இதை எனக்கு யாரும் நேரில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் உரக்கப் பேசிக்கொண்டார்கள்.

முனிரத்தினம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். காலையில் கீரையும் இளநீரும் வாசற்படியில் இருக்கும். வைத்தவர் இருக்கமாட்டார். தோல் மண்டியில் அவரைக் கேலி செய்கிறார்கள் என்று கோமதி சொன்னாள். 'லிவருக்கு உப்பு போட்டவரே, இந்தத் தோலுக்கு எவ்ளோ உப்பு?' என்று கேட்கிறார்களாம்.

"நீங்க ஒரு வார்த்த கூப்டாதான் வருவான்."

"நான் கூப்பிட வேண்டுமா?"

"பின்ன நானா கத்தினேன்?"

மறுநாள் விடிந்ததும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கீரைக்கட்டோடு வந்து, என்னைக் கண்டதும் திரும்பிப் போக முயன்றார். "உள்ளே வா. காப்பி ஆறுகிறது," என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் அந்த விஷயம் பேசப்படவில்லை.

ஆய்வகத்திலிருந்து முதலில் ஒரு செய்தி வந்தது. வைரஸின் மரபு இழையில் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு பகுதி மட்டும் போதாது. பெருக்கிப் பார்க்கும் சோதனையில் வேறொருவரின் மாதிரியிலிருந்து தூசி கலந்தாலும் அப்படித் தோன்றலாம். குறைந்தது இரண்டு வெவ்வேறு பகுதிகள் தனித்தனியே கிடைத்தால்தான் நம்புவார்கள். மெழுகுக் கட்டியின் ஆழத்திலிருந்து புதிய சீவல்கள் எடுத்து, இன்னும் குறுகிய துணுக்குகளைத் தேடப்போவதாகச் சொன்னார்கள். மெழுகில் மீதமிருந்த திசு கொஞ்சம்தான். அது தீர்ந்தால் தேட வேறொன்றும் இல்லை. நான் என் தொழிலில் எத்தனையோ தோல்களை இப்படிக் கடைசித் துணுக்குவரை சோதித்திருக்கிறேன். சோதிக்கப்படும் தோலின் பக்கத்தில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

கடைசிச் சீவல்களில் இரண்டாம் பகுதியும் கிடைத்தது. ஹெபடைட்டிஸ் பி. மறைந்திருந்த தொற்று. மருத்துவர் எங்களை அழைத்து நேரில் சொன்னார். கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முனிரத்தினம், "அப்ப நான் ஊத்தின பாட்டில்லயே கெடச்சிதாம்மா?" என்று கேட்டார். ஆம் என்றதும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எங்கிருந்து எனக்கு இது வந்தது?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சார். பிறந்தப்ப அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். அந்தக் காலத்துல ஒரே ஊசில பல பேருக்குப் போட்டதுல வந்திருக்கலாம். சவரக் கத்தி, ரத்தம் ஏத்தினது, உடலுறவு, எதுவா வேணா இருக்கலாம். எந்த வழியா வந்துச்சுன்னு திசு சொல்லாது. உங்க மனைவிக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். தொத்து இல்லன்னா தடுப்பூசி போட்டுடலாம்."

 மருத்துவர் அடுக்கியவற்றில் எந்தச் சொல்லை எல்லோரும் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சந்தேகம் போன வாசல் வழியாகவே அடுத்தது உள்ளே வந்து நின்றது. நான் கோமதியைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து, இரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

"எடுங்கம்மா. எனக்கு இவர்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒருதடவ கேட்டதே ஜாஸ்தி."

அவளுக்குத் தொற்று இல்லை. தடுப்பூசி போட்டார்கள். நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தழும்பு தழும்பாகவே இருக்கும். இனி எதுவரை போகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதுக்கடை இன்னும் அதே சாலையில் இருக்கிறது.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் குழு அண்மையில் அச்சிட்டு வீடுதோறும் கொடுத்த துண்டறிக்கை. சம்பத் நல்ல எண்ணத்துடன் எழுதியிருக்கிறார். என் பெயர் மறுபடி முதலில் இருக்கிறது. அதன் கீழே, 'நம் செயலாளர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதே இல்லை என்பதை மருத்துவப் பரிசோதனை நிரூபித்துவிட்டது' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

அது தவறு. பரிசோதனை அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. என் கல்லீரல் திசுவில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபு இழை இருந்தது என்பதை மட்டுமே அது காட்டியது. ஒருவர் குடிக்கவில்லை என்று சொல்லும் சோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை. நான் குடித்ததில்லை என்று சொல்வது நான்.